தொண்ணூற்றிரண்டு மைல் கம்பி

1902 ஜூன் மாதக் கடைசி நாளில் சிவசமுத்திரத்துக் காவிரி, கோலார் தங்கவயலில் வேலைக்குச் சேர்ந்தது. இடையில் தொண்ணூற்றிரண்டு மைல், ஏறத்தாழ 148 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் மின்சாரத்தைச் சுமந்து போன கம்பி அன்றைக்கு உலகத்திலேயே அரிது. மின்னாக்கிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிலிருந்து வந்தன, நீர்ச்சக்கரங்கள் சூரிச்சின் எஷர் வைஸிலிருந்து. மைசூர் அரசிடம் வேலை பார்த்த கியூபெக்காரர், ழோலி த லோத்பினியேர் என்ற ராணுவப் பொறியாளர், திட்டத்தை வகுத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் பின்னால் நின்று நடத்தினார். கம்பியில் மின்சாரம் ஓடியதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார்.

ஆசியாவில் டோக்கியோவுக்கு அடுத்தபடி கரண்ட் வந்த ஊர் இதுதான் என்று தங்கவயலில் இன்றும் சொல்வார்கள். டார்ஜிலிங்கில் 1897லும் கல்கத்தாவில் 1899லும் விளக்கு எரிந்துவிட்டது என்று எடுத்துச் சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லி ஆவதும் ஒன்றுமில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு விஷயம். அந்தக் கம்பி எத்தனை ஊர்களின் தலைக்கு மேல் போயிருக்கும்! சாமை இடித்துக்கொண்டிருந்தவர்கள், ஏற்றம் இறைத்துக்கொண்டிருந்தவர்கள், சாயங்காலம் மண்ணெண்ணெய்க்குக் கணக்குப் பார்த்தவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். அது அவர்களுக்காகப் போகவில்லை. பெங்களூர்த் தெருக்களே 1905 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விறகையும் நிலக்கரியையும் எரித்து நீராவியில் ஓடிக்கொண்டிருந்த சுரங்கங்களுக்குச் செலவு கட்டுப்படியாகவில்லை. காவிரி மலிவாகக் கிடைத்தது. காரணம் இவ்வளவுதான்.

எங்கள் ஊரான பங்காருபேட்டைக்கு இந்தக் கதையில் சந்திப்பு நிலையம் என்ற பாத்திரம் மட்டும்தான். பெங்களூரையும் ஜோலார்பேட்டையையும் இணைத்த ரயில் 1864ல் இந்த வழியாகப் போனது. மைசூர் கமிஷனராக இருந்த லெவின் பவுரிங்கின் பெயரால் ஊர் அப்போது பவுரிங்பேட்டை. 1894ல் இங்கிருந்து தங்கவயலின் மாரிகுப்பத்துக்குப் பத்து மைல் கிளைப்பாதை போட்டார்கள். கொதிகலன்களும் இரும்பு வடங்களும் சுரங்கக் கூரையைத் தாங்கும் மரங்களும் இங்கே வண்டி மாறின. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் மூட்டை முடிச்சோடு வந்த குடும்பங்களும் இங்கேதான் வண்டி மாறின. பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள், ஊரில் சேரிக்கு வெளியே கால் வைக்க யோசித்தவர்கள். அவர்களுக்கு இந்த ரயில் செய்த காரியத்தை எந்தச் சமூகச் சட்டமும் அவ்வளவு சீக்கிரம் செய்ததில்லை. பண்ணையாரின் குரல் எட்டாத தூரத்தில் இறக்கிவிட்டது. இறக்கிவிட்ட இடம் பூமிக்கு மூன்று கிலோமீட்டர் கீழே என்பது அடுத்த சங்கதி.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் அவ்வளவு ஆழம் போனது. அடியில் பாறையைத் தொட்டால் அறுபது டிகிரிக்கு மேல் கொதிக்கும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து தள்ளினால்தான் மனிதன் நிற்க முடியும். தங்கம் இருக்கும் கல்லை வெட்டி எடுக்க எடுக்க, அது தாங்கிக்கொண்டிருந்த பாரம் பக்கத்துப் பாறையின் தலையில் ஏறும். தாங்க முடியாத கட்டத்தில் அது வெடிக்கும். முன்னறிவிப்பு கிடையாது. ஏர் பிளாஸ்ட் என்றார்கள், பிறகு ராக் பர்ஸ்ட் என்றார்கள். கீழே பாறை வெடித்தால் மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அலமாரிப் பாத்திரம் குலுங்கும். எந்த ஷாஃப்ட், எந்த ஷிஃப்டு என்று அடுப்படியில் இருந்த பெண்கள் கணக்குப் போடுவார்கள். கணக்கு சரியாக வந்துவிடக் கூடாதே என்றும் வேண்டிக்கொள்வார்கள்.

கம்பெனிக்கும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. 1912ல் தங்கவயலில் ஒரு நிலநடுக்கமானியை நிறுவினார்கள். பாறைவெடிப்பை அளக்க ஒரு சுரங்கம் கருவி வைத்ததில் உலகத்திலேயே இது மிக முந்தையவற்றுள் ஒன்று. எங்கே, எவ்வளவு வலுவாக வெடித்தது என்று ஊசி எழுதிக் காட்டும். அந்தக் கோடுகளிலிருந்து வெட்டும் முறையை மாற்றினார்கள், மரத் தாங்கலுக்குப் பதில் கருங்கல்லை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். உயிர்கள் தப்பின என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கருவியால் நடந்ததைச் சொல்ல முடிந்ததே தவிர, நடக்கப்போவதைச் சொல்ல முடியவில்லை. சுரங்கத்தை மூடிய பிறகும் அடியில் தண்ணீர் ஏறியபோது பூமி அவ்வப்போது குலுங்கியிருக்கிறது. ஆட்கள் போய்விட்டதைப் பாறைக்கு யார் சொல்வது?

அதே பாறைக்குள் 1965ல் நடந்ததை இயற்பியல் படித்தவர்கள் அறிவார்கள். டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் மூன்றும் சேர்ந்து, சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்டில் 7,600 அடிக்குக் கீழே உணர்கருவிகளை அடுக்கி வைத்தன. மேலிருந்து பொழியும் மற்றத் துகள்களையெல்லாம் பாறை வடிகட்டிவிடும், நியூட்ரினோ மட்டும் ஊடுருவி வரும். வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடம் அங்கே அகப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தங்கச்சுரங்கம் ஒன்றில் இதையே தேடிக்கொண்டிருந்த ஃபிரெடரிக் ரைன்ஸின் குழுவின் கண்ணில் அது முதலில் பட்டது. ஆனால் அச்சில் முந்தியது கோலார், இரண்டு வார வித்தியாசத்தில். எம்.ஜி.கே. மேனனும் பி.வி. ஸ்ரீகண்டனும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்திலிருந்தே இந்தச் சுரங்கத்தில் இறங்கி ஏறிக்கொண்டிருந்தவர்.

இதை நான் எத்தனை முறை நினைத்தாலும் அலுப்பதில்லை. துளைபோடும் தொழிலாளியும் துகளைத் தேடும் விஞ்ஞானியும் ஒரே கேஜில், ஆட்களை இறக்கும் கூண்டில், இறங்கியிருக்கிறார்கள். விஞ்ஞானிக்கு இரண்டு கிலோமீட்டர் பாறை ஒரு வசதி. தொழிலாளிக்கு அதுவே நெஞ்சுக்கூட்டில் படியும் சிலிக்காத் தூசி. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் என்றபோது தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பும் ஆதரவும் நினைவிருக்கும். கோலார் மூடப்பட்டதால்தான் புதிய மலையைத் தேட வேண்டி வந்தது என்பது அந்தச் சச்சரவில் அநேகமாகக் காதில் விழவேயில்லை. ஒரு சுரங்கத்தின் லாபநட்டக் கணக்கில் ஆழத்துக்கு விலை போடத் தனிக் கட்டம் இருக்கவில்லை.

இனி இதே சுரங்கத்தில் நடந்த கைரேகைத் தகராறுக்கு வருகிறேன்.

தங்கம் மடியில் மறையும் பொருள். அதனால் தங்கவயலில் தொழிலாளியின் உடம்பே சந்தேகத்துக்கு உரியதாக இருந்தது. 1897லேயே மைசூர் அரசு சுரங்கச் சட்டம் போட்டு, கச்சாத் தங்கம் கையில் இருப்பதையே குற்றமாக்கியது. சோதனை அன்றாடச் சடங்கானது. இதன் அடுத்த படியாக 1930ல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் எடுத்துப் பதிவேட்டில் ஏற்றுவது என்று முடிவானது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். தங்கவயலின் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று கூலிக்காக நடக்கவில்லை, கட்டைவிரலுக்காக நடந்தது. வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் இந்தத் தொழிலாளர்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தமிழில் இதைப் போதுமான அளவு பேசியதாகத் தெரியவில்லை.

கைரேகை அப்போது புதிய விஞ்ஞானம். உலகின் முதல் கைரேகைப் பிரிவே 1897ல் கல்கத்தாவில்தான் தொடங்கியது. ரேகைகளை வகைப்படுத்தும் கணக்கை உருவாக்கிய அஜீசுல் ஹக், ஹேமசந்திர போஸ் இருவரும் வங்காளத்துக் காவல்துறைக்காரர்கள். பெயர் மட்டும் அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்குப் போனது. அந்த விஞ்ஞானம் முதலில் யார் விரலைத் தேடியது என்பது தமிழ்நாட்டுக்குத் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு மதுரைப் பக்கம் ரேகைச் சட்டம் என்றே பெயர். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த பிறமலைக் கள்ளர்களைப் போலீஸ் சுட்டது. அது நடந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. ரேகை கொடுப்பவன் குற்றவாளி என்ற அர்த்தம் அன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தங்கவயல்காரர்கள் பழமைவாதிகளாக இருந்து புதுமையை எதிர்க்கவில்லை. கேஜில் ஏறி இருட்டில் இறங்கத் தயங்காதவர்களுக்கு மையைக் கண்டு என்ன பயம்? அந்த மை தங்களை யாராக எழுதப்போகிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

அதே ஆண்டுகளில் அதே லைன்களில் இன்னோர் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அச்சு இயந்திரம். மாரிகுப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் தமிழ் பௌத்த சங்கங்கள் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னை ராயப்பேட்டையில் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழுக்குத் தங்கவயல் ஒரு பெரிய வாசகத் தளம். இதழ் ரயிலில்தான் வந்திருக்க வேண்டும். ஜோலார்பேட்டை தாண்டி, பவுரிங்பேட்டையில் வண்டி மாறி, மாரிகுப்பம். நிலநடுக்கமானிக்கும் நீராவி எந்திரத்துக்கும் உதிரிப் பாகம் வந்த அதே வழி. படிக்கத் தெரிந்த ஒருவர் படிக்க, ஷிஃப்டு முடித்து வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். பண்டிதர் 1914ல் மறைந்தார். இதழும் சில காலத்தில் நின்றுபோனது. 1926ல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மறுபடி நடத்தத் தொடங்கினார். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைத் தொடர்ந்து அச்சிட்டது. கூலிப் பணத்தில் பிரித்த சந்தாதான் முதல்.

இங்கே நின்று பார்க்கச் சொல்வேன். ஜான் டெய்லர் கம்பெனி 1880லிருந்து இங்கே இறக்கிய இயந்திரங்களின் விலை என்ன, அளவு என்ன! ஷாஃப்டுகளின் மேல் நின்ற பெரும் சக்கரங்கள், கல்லைப் பொடியாக்கிய ஆலைகள், சயனைடில் தங்கத்தைக் கரைத்தெடுத்த தொட்டிகள். இவை எடுத்துக் கொடுத்த எண்ணூறு டன் தங்கத்தில் ஒரு குண்டுமணி இந்த ஊரில் தங்கியதா என்று கேட்டால் பதில் எல்லோருக்கும் தெரியும். அச்சு இயந்திரம் ஒரு அறைக்குள் அடங்குவது. அது அச்சிட்டவை எழுபது வருடம் கழித்து, 1999ல், ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் பாளையங்கோட்டையிலிருந்து வெளியானபோது, தமிழ் அறிவுலகத்தின் வரலாற்றையே திருத்தி எழுத வைத்தன. சுரங்கத் தொழிலாளிகள் பாதுகாத்து வைத்த பழைய தாள்கள் இல்லாவிட்டால் அந்தத் தொகுப்பு எவ்வளவு மெலிந்து போயிருக்கும்! தொழில்நுட்பம் பண்பாட்டை மாற்றுகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் எனக்குச் சிரமம் இருப்பது இதனால்தான். ஒரே ஊரில், ஒரே மனிதர்களிடம், ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டு போனது, இன்னொன்று கொடுத்துவிட்டுப் போனது. முன்னது கம்பெனியுடையது. பின்னதற்கு அவர்களே காசு போட்டார்கள்.

கம்பெனி போய் 1956ல் மைசூர் அரசு வந்தது, 1962ல் மத்திய அரசு, 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ். ஆழம் கூடக் கூடக் கல்லில் தங்கம் குறைந்தது, செலவு ஏறியது. எடுத்த தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலைக்கு விற்கவும் முடியவில்லை. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. ஷிஃப்டுச் சங்கு நின்றது. ஊரே அந்தச் சங்கைக் கேட்டுத்தான் எழுந்தது, உலை வைத்தது, பிள்ளைகளைப் பள்ளிக்கு விரட்டியது. கடிகாரம் இல்லாத வீட்டுக்கும் நேரம் தெரிந்த ஊர் அது.

சங்கின் இடத்தில் ரயில் வந்து உட்கார்ந்தது. மாரிகுப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டிகள் பங்காருபேட்டையில் நிரம்பிப் பெங்களூரில் கொட்டும். இங்கிருந்து எழுபது கிலோமீட்டர். சுரங்கத்தில் இறங்கியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வொயிட்ஃபீல்டின் கண்ணாடிக் கட்டடங்களுக்குக் காவலுக்கும் துப்புரவுக்கும் போகிறார்கள், கடைகளில் நிற்கிறார்கள். படித்தவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்கிறார்கள். 1902ல் காவிரியின் சக்தி கம்பி வழியாக இங்கே வந்தது. 2001க்குப் பிறகு இந்த ஊரின் சக்தி தண்டவாளம் வழியாக அங்கே போகிறது. வண்டியில் சீட்டுக் கச்சேரி உண்டு, பஜனை உண்டு, பூக்கட்டு உண்டு, காதலும் உண்டு. இப்போது பாதிப் பேர் காதில் செருகிக்கொண்டு கண்ணை மூடிவிடுகிறார்கள். முன்பு போலப் பேச்சில்லையே என்று புலம்புகிறவர்களை நான் நம்புவதில்லை. நாளில் ஐந்து மணி நேரத்தை வண்டியிலேயே கழிப்பவர்களுக்குத் தனிமை கிடைக்கும் ஒரே இடம் அந்தக் காதுக்குழாய்தான்.

பெங்களூரில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால் தங்கம் நினைவுக்கு வருவது குறைவு, பானிபூரி நினைவுக்கு வரும். புதினாப் பச்சை இல்லாமல், கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்த பானி. நாக்கில் பட்ட பிறகுதான் அதன் உறைப்பு தெரியும். பெங்களூரின் பல தெருக்களில் ‘பங்காருபேட்டை சாட்ஸ்’ என்று பலகை தொங்குகிறது. பாதிப் பேர் இந்த ஊரைப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனாலும் அந்தப் பெயரைக் கடைக்காரர்களே கையாளுகிறார்கள், தள்ளுவண்டியில் கியூஆர் அட்டையையும் அவர்களே ஒட்டிக்கொள்கிறார்கள். சினிமா தங்கவயலின் பெயரைக் கையாண்ட கதை வேறு. 2018லும் 2022லும் வந்த ‘கேஜிஎஃப்’ படங்கள் சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைடு மேடுகளில் செட் போட்டு எடுக்கப்பட்டு உலகமெல்லாம் ஓடின. அதில் எங்கள் தாத்தாக்களைத் தேடாதீர்கள். 2024ல் பா. ரஞ்சித்தின் ‘தங்கலான்’ அவர்களைத் தேடிப் போனது. படம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பது வேறு வழக்கு.

இதே கோலார் மாவட்டத்தின் நரசாபுரத்தில் விஸ்ட்ரான் நிறுவனம் ஐபோன் செய்யும் ஆலையை நடத்தியது. 2020 டிசம்பர் 12, சனிக்கிழமை அதிகாலை, இரவு ஷிஃப்டு முடியும் நேரத்தில் தொழிலாளர்கள் ஆலையை அடித்து நொறுக்கினார்கள். பெரும்பாலோர் ஏஜென்சிகள் மூலம் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். சம்பளம் சரியாக வரவில்லை என்பது குறை. உடைந்த கண்ணாடிகளின் வீடியோ உலகைச் சுற்றியது; முதலீடு போய்விடுமே என்று அரசு பதறியது; நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள். ஒரு வாரத்தில் ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது: வேலை நேரத்தைக் கணக்கிடும் முறை அங்கே ஒழுங்காக இல்லை, அதனால் அக்டோபர், நவம்பர் மாதங்களில் சிலருக்குச் சம்பளம் தாமதமானது. விஸ்ட்ரானைக் கண்காணிப்பில் வைத்தார்கள். 2023ல் ஆலை டாடாவின் கைக்கு மாறுவது முடிவானது. கையடக்கக் கருவி ஒன்றுக்குள் கோடிக்கணக்கான கணக்கை நொடியில் முடிக்கும் சில்லைப் பொருத்தும் ஆலைக்கு, ஒரு மனிதன் எத்தனை மணிக்கு உள்ளே வந்து எத்தனை மணிக்கு வெளியே போனான் என்று எண்ணத் தெரியவில்லை. எண்ணும் கருவி இல்லாத குறையாக எனக்கு இது படவில்லை. தங்கம் காணாமல் போனால் 1897லேயே எண்ணத் தெரிந்திருந்தது.

1930ல் விரலைத் தர மறுத்த ஊரில் இன்றைக்கு விரல் வைக்காமல் ரேஷன் அரிசி வாங்குவது கஷ்டம். யாரும் வேலைநிறுத்தம் செய்யவில்லை, செய்யவும் தோன்றாது. ரேகை இப்போது குற்றவாளியின் அடையாளமாக இல்லை, உரிமைக்காரனின் சாவியாகிவிட்டது. ஆனால் முப்பது வருடம் துளைக்கருவியைப் பிடித்த கைகளில் ரேகை தேய்ந்துவிட்டிருக்கும். அழுத்திப் பார்க்கிறார்கள், துடைத்து வைக்கிறார்கள், விரலை மாற்றிப் பார்க்கிறார்கள். கருவி ஒத்துக்கொள்வதில்லை. பிறகு ஓடிபி. அது வரும் போன் பெங்களூர் ரயிலில் மகனுடைய பையில் இருக்கும். சாயங்காலம் வாருங்கள் தாத்தா என்று கடைக்காரப் பையன் சொல்வான். அவன் மேல் தப்பில்லை.

இதற்கிடையே சயனைடு மேடுகளுக்கு மறுபடி மவுசு. கல்லைப் பொடித்துத் தங்கத்தை எடுத்த பின் கொட்டிய கழிவு மண், மூன்று கோடி முப்பது லட்சம் டன். காற்றடிக்கும் மாதங்களில் அந்தப் பொடி சோற்றிலும் துணியிலும் படியும். டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் தங்கம் மிச்சம் இருக்கிறது. இன்றைய விலைக்கும் இன்றைய முறைக்கும் அது கட்டுப்படியாகும் என்கிறார்கள். 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கர் பரப்பிலுள்ள பதின்மூன்று மேடுகளில் அந்த வேலைக்கு ஒப்புதல் தந்தது. செய்தி வந்ததும் லைன்களில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி எத்தனை பேருக்கு வேலை என்பதுதான். குப்பையை அள்ளும் இயந்திரத்தை ஓட்ட ஒருவர் போதும். உட்கார்ந்து ஓட்டும் வேலை, ஏசி கேபின், எட்டு மணி நேரம். அந்த ஒருவர் உள்ளூர்க்காரராக இருப்பாரா என்ற பேச்சு இப்போதே டீக்கடைகளில் தொடங்கிவிட்டது. தங்கவயலிலேயே அந்த வண்டியைச் செய்யும் பி.இ.எம்.எல். ஆலை 1960களிலிருந்து இருக்கிறது என்பதை யாராவது ஒருவர் நினைவூட்டுகிறார். செய்பவர் வேறு, ஓட்டுபவர் வேறு என்று பக்கத்து பெஞ்சிலிருந்து பதில் வருகிறது.